காணும் பொங்கலுக்கு ஒரு புது வழக்கம்

தை முதல் நாள் சூரியனுக்கு, மறுநாள் மாட்டுக்கு என்று நன்றி சொல்லிவிடுகிறோம். மூன்றாம் நாள் காணும் பொங்கல்தான் எங்கள் வீட்டில் டிவி முன்னாலேயே கரைந்துபோகும். மெரினாவுக்குக் கிளம்பலாம் என்றால், பிள்ளைகள் தொலைந்துபோகாமல் இருக்க போலீஸ்காரர்கள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிற அளவுக்குக் கூட்டம்.

பெரியவர்களைப் போய்ப் பார்த்து, விழுந்து கும்பிட்டு வருகிற நாள்தானே அது? இந்த வருடம் அதையே கொஞ்சம் நீட்டிக்கொண்டோம். ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சொந்தக்காரராக இருக்கக் கூடாது. அவர் இருக்கும் இடத்துக்கே ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கலோடு போய், எதற்காக நன்றி என்று சொல்ல வேண்டும். மொட்டையாக 'தேங்க்ஸ்' என்றால் செல்லாது.

மகள் பள்ளி வேன் ஓட்டும் அண்ணனிடம் போனாள். "மழை அன்னைக்கு வாசல் வரைக்கும் குடை பிடிச்சுக் கூட்டிட்டு வந்தீங்கல்ல, அதுக்கு." அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தூக்கை வாங்கி, மூடியைத் திறந்து, திரும்ப மூடி, "சாப்ட்டியாம்மா?" என்றார்.

மாமியார் பூக்காரம்மா வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். அதில் நன்றி எவ்வளவு, மருமகளைப் பற்றிய புகார் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

பணமும் சேர்த்துக் கொடுக்கலாமே என்றார் கணவர். பொங்கல் இனாம் போகிக்கே கொடுத்தாயிற்று, இது வேறு கணக்கு என்று சொல்லிவிட்டேன்.

மகன் அடுத்த வருடத்துக்கு இப்போதே ஆள் பிடித்துவிட்டான்: மாடியில் விழும் கிரிக்கெட் பந்தைத் திட்டாமல் திருப்பிப் போடும் எதிர்வீட்டுத் தாத்தா.