163-ஆம் பக்கம்

ஜூலை 6, ஞாயிறு

பிரெஞ்சு வானியலாளர் கமீய் ஃப்ளமரியோன் எழுதிய 'லத்மோஸ்ஃபேர்' இணையத்தில் கிடைத்தது. வளிமண்டலம் பற்றிய புத்தகம், பாரிஸில் ஹஷேத் 1888-இல் வெளியிட்ட பதிப்பு. என் பிரெஞ்சு தட்டுத்தடுமாறும் பிரெஞ்சு. அதனால் முதலில் படங்கள்தான். கானல்நீர், சூரியனைச் சுற்றிய ஒளிவட்டம், பிராக்கன் மலையில் மேகத்தின்மேல் பூதமாக விழும் மனித நிழல், மின்னல். பக்கம் புரட்டினால் மரச்செதுக்குப் படம், நடுநடுவே வண்ணத் தாள். வானிலையைப் பாடமாக நடத்தாமல் வேடிக்கை காட்டியே சொல்லிக்கொடுக்கிறார் மனிதர்.

ஜூலை 8, செவ்வாய்

163-ஆம் பக்கத்துக்கு வந்தேன். எல்லோருக்கும் தெரிந்த படம். நீண்ட அங்கி போட்ட ஒருவர் மண்டியிட்டு, நட்சத்திரம் பதித்த வானத்தின் விளிம்பைத் தாண்டித் தலையை நீட்டுகிறார். அந்தப் பக்கம் மேக வளையங்களும் சக்கரத்துக்குள் சக்கரமும். ஆன்மிகப் பதிவு, தத்துவப் புத்தக அட்டை என்று எங்கெங்கோ பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் 'மத்தியகால ஓவியம்' என்ற குறிப்போடு. வண்ணம் எல்லாம் பின்னால் யாரோ பூசியது. இங்கே வெறும் கறுப்பு வெள்ளை.

படம் வரும் இடத்தைக் கவனிக்க வேண்டும். வானம் ஏன் கூரை மாதிரித் தெரிகிறது என்பதுதான் பேச்சு. அதுவும் அரைக்கோளமாகத் தெரிவதில்லை. தலைக்கு மேலே அமுங்கி, தொடுவானத்தில் விலகித் தெரிகிறது என்கிறார். முன்னோர் அதை நிஜக் கூரை என்றே நம்பினார்கள். பட்டுப்புழு தன் கூட்டையே உலகத்தின் எல்லை என்று எண்ணுவதுபோல என்று வால்தேரைத் துணைக்கு அழைக்கிறார். வானும் பூமியும் தொடும் இடத்தைக் கண்டதாகச் சொன்ன மதபோதகர் அந்த வரிசையில் வருகிறார். படத்தில் மண்டியிடுபவர் அவர்தான். ஆக, படம் ஒரு கேலி. பக்கத்திலிருந்து கத்தரித்து எடுத்ததும் ஞானத் தேடலாகிவிட்டது!

ஜூலை 9, புதன்

நிபுணர்களும் ஏமாந்திருக்கிறார்கள். வானியல் வரலாற்றாளர் எர்ன்ஸ்ட் ட்சின்னர் 1957-இல் இதை 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வேலை என்றார். 1973-இல் புரூனோ வேபர் என்ற ஆய்வாளர் மறுத்தார். கோடுகள் கூர் உளியால், குறுக்காக வெட்டிய கட்டையின் முகத்தில் செதுக்கியவை; அந்த முறை பரவியதே 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். 1888-க்கு முன் இந்தப் படம் எங்கும் கிடைக்கவில்லை. சிறுவயதில் ஃப்ளமரியோன் செதுக்குக் கலைஞரிடம் தொழில் பழகியவர் என்பதால், அவரே வரைந்திருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஜூலை 13, ஞாயிறு

ஃப்ளமரியோன் பலூனில் பறந்தவர். மேகத்தில் விழுந்த தன் பலூன் நிழலைச் சுற்றி வண்ண வளையம் பார்த்தவர். 1874-இல் கல்யாணம் முடிந்து தேனிலவுக்குப் போனதும் பலூனில்தான்!

'லத்மோஸ்ஃபேர்' முந்தைய பதிப்பின் ஆங்கில ஆக்கம் 1873-இல் வந்தது. இந்தப் படம் அதில் இல்லை. அதன் பதிப்பாசிரியர், ஆங்கிலேய வானிலையாளர் ஜேம்ஸ் கிளெய்ஷர், நிஜமாகவே தலையை மேலே நீட்டிப் பார்த்தவர். 1862 செப்டம்பர் 5 அன்று, ஆக்சிஜன் இல்லாமல், பலூனில் ஏறத்தாழ 8,800 மீட்டர் உயரத்தில் மயங்கி விழுந்தார். கூட வந்த ஹென்றி காக்ஸ்வெல்லுக்குக் கை விறைத்துவிட்டது. வாயுவை வெளியேற்றும் வால்வுக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துத்தான் பலூனை இறக்கினார். இறங்கிய இடத்தில் வண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. மயங்கி எழுந்த கிளெய்ஷர் அப்புறம் ஏழெட்டு மைல் நடந்தார்.