இருபத்தெட்டாம் நாளுக்கு முன் ஒரு ஸ்டாம்ப்

2015-ல் வடக்கு சாம்பியாவில், ம்பிகா பக்கம் ஒரு நெடுஞ்சாலை வேலையில், ஒப்பந்தக்காரர் பக்கம் இருந்தேன். 7 கிலோமீட்டர் நிலம் எங்கள் கைக்கு வரவே இல்லை. மரவள்ளி போட்டிருந்தவர்களுக்கு நஷ்டஈடு போய்ச் சேரவில்லை, அதனால் அவர்கள் விடவில்லை. நியாயம் அவர்கள் பக்கம்தான். ஆனால் அங்கே மண் வேலை மே முதல் அக்டோபர் வரைதான் ஒழுங்காக ஓடும். நவம்பரில் மழை பிடித்துக்கொள்ளும்.

நிலம் இப்போதைக்குக் கிடைக்காது என்பது ஜூன் 9 கூட்டத்தில் தெரிந்தது. 12-ம் தேதியே கன்சல்டன்டுக்கு (ஒப்பந்தத்தை மேற்பார்க்கும் இன்ஜினியர் நிறுவனம்) கூடுதல் நாளும் பணமும் கேட்கப்போகிறோம் என்று மெயிலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்தேன். எங்கள் ஒப்பந்தம் 1999 ஃபிடிக் சிவப்புப் புத்தகம், அதாவது கட்டுமான வேலைகளுக்கான சர்வதேச மாதிரி ஒப்பந்தம். அதில் 20.1-வது பிரிவு சொல்வது இது: விஷயம் தெரிந்த 28 நாளுக்குள் நோட்டீஸ் போகவில்லை என்றால் கால நீட்டிப்பும் கிடையாது, பணமும் கிடையாது.

ஜூலை 1 ராத்திரி, எங்கள் கம்பெனியில் க்ளைம் பார்க்கிற அண்ணன் போன் பண்ணினார். "மெயில் போட்டது சரி தம்பி, 1.3 படிச்சியா?" நோட்டீஸை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் பிரிவு அது. எடுத்துப் படித்தேன். நேரில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும், இல்லையென்றால் தபால் அல்லது கூரியர். மெயில் செல்லுபடியாக வேண்டுமானால் டெண்டர் இணைப்பில் (இந்த வேலைக்கான விவரங்களை நிரப்பும் ஒப்பந்தப் பக்கங்கள்) அதை எழுதியிருக்க வேண்டும். எங்கள் இணைப்பில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. தினமும் மெயிலில்தான் பேசிக்கொண்டிருந்தோம், ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் சைட்டில் இருந்த ரெசிடென்ட் இன்ஜினியரிடம், அதாவது கன்சல்டன்டின் சைட் ஆளிடம், நோட்டீஸைக் கடிதமாக நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றார். நோட்டீஸ் வாங்கும் அதிகாரம் தனக்கு இல்லை, லுசாகா விலாசத்துக்குத்தான் போக வேண்டும் என்றார். ஒரு நாள் வீண். 28-வது நாள் ஜூலை 7, செவ்வாய். சாம்பியாவில் ஜூலை முதல் திங்கள் வீரர்கள் தினம், அடுத்த நாள் ஒற்றுமை தினம், இரண்டும் அரசு விடுமுறை. கையில் இருந்தது வெள்ளிக்கிழமை மட்டும்.

காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், வழி நெடுக தார் எஸ் சலாம் போகும் செம்பு லாரிகள். லுசாகாவில் கன்சல்டன்ட் அலுவலகத்துக்குள் நுழையும்போது மணி 2.50.

வரவேற்பில் இருந்த பெண் கடிதத்தைத் தொடவே இல்லை. "சார் லீவு. புதன்கிழமை வாங்க." முன்பு ஏதோ கடிதத்துக்கு ஸ்டாம்ப் போட்டு நன்றாகத் திட்டு வாங்கியிருக்கிறார், அந்தப் பயம். அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் எங்கள் பிரதியிலேயே "கடிதம் பெற்றுக்கொள்ளப்பட்டது, உள்ளடக்கத்தை ஏற்றதாகாது" என்று நான் எழுதிக் காட்டியதும்தான் அவர் முகம் தெளிந்தது. கையெழுத்துப் போட்டு, நேரம் குறித்து, ஸ்டாம்பும் வைத்தார்.

மாடிப்படியில் இறங்கும்போதுதான் பார்த்தேன், ஸ்டாம்பில் ஜூன் 3 என்று இருந்தது. மாதச் சக்கரத்தை யாரும் திருப்பவில்லை. ஜூலை தேதியிட்ட கடிதத்தில் ஜூன் ஸ்டாம்ப் இருந்தால் மொத்த ரசீதையுமே சந்தேகப்படுவார்கள். திரும்ப ஏறினேன். பேனா முனையால் சக்கரத்தைத் தள்ளி, பழையதை அடித்து, பக்கத்தில் புதிதாக வைத்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

விரிவான க்ளைமுக்கு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 42 நாள்; அதற்குள் அதுவும் போனது. அதில் சிக்கல் இல்லை. நான் நினைத்தபடியே பதிலில் முதல் வரி "நோட்டீஸ் காலத்தில் வரவில்லை" என்றுதான் இருந்தது. பிரதியை அனுப்பினோம், அதோடு அந்தப் பேச்சு நின்றது. கால நீட்டிப்பாக 96 நாள் கேட்டோம், 61 கொடுத்தார்கள்.

புது வேலையில் சேர்பவர்கள் முதல் வாரமே டெண்டர் இணைப்பைத் திறந்து மெயில், விலாசம் இரண்டும் நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் இரு தரப்பும் கையெழுத்திட்டு எழுத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். கூட்டக் குறிப்பில் பதிவானதை நோட்டீஸ் என்று நம்பாதீர்கள். 2017 பதிப்பில் விரிவான க்ளைமுக்கு 84 நாள் தருகிறார்கள், நோட்டீஸுக்கு அதே 28 நாள்தான்.

மரவள்ளிக்காரர்களுக்குப் பணம் அக்டோபர் கடைசியில் வந்தது. அந்த 7 கிலோமீட்டரை மழையில்தான் ஆரம்பித்தோம்.