ஏழு தந்தி ரஷ்ய கிட்டார்: நான்காம் மாதக் குறிப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய கிட்டார் இசையை அதற்கே உரிய சுருதியில் வாசித்துப் பழகத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. எடுத்துக்கொண்ட உருப்படி, மாஸ்கோவில் வாழ்ந்து 1837இல் மறைந்த மிகயில் விசோத்ஸ்கி, நூல் நூற்கும் பெண்ணைப் பற்றிய 'பிரியாஹா' என்னும் நாட்டுப்பாடலுக்கு எழுதிய மாறுபாடுகள், அதாவது அதே மெட்டை வெவ்வேறு விதமாக விரிக்கும் பகுதிகள்.

இந்தக் கிட்டாரின் சுருதி, மேற்கத்திய சுரப் பெயர்களில், தடித்த தந்தியிலிருந்து டி, ஜி, பி, டி, ஜி, பி, டி. ஆறு தந்திக் கிட்டாரையே டி, ஜி, டி, ஜி, பி, டி என்று இறக்கிக்கொண்டால் போதும் என்று முதலில் நினைத்தேன். போதவில்லை. விடுபடுவது மந்திர ஸ்தாயியின் பி ஒன்றுதான் என்றாலும், அது இல்லாமல் கீழிருந்து மேலே ஓடும் ஆர்ப்பெஜியோ (ஒத்திசையும் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) நடுவில் ஒரு படி உடைந்த ஏணியாகிவிடுகிறது.

எனவே நைலான் தந்திகள் கொண்ட பழைய ஏழு தந்திக் கிட்டார் ஒன்றை வாங்கினேன். மற்ற ஆறு தந்திகளுக்கும் வழக்கமான செட் போதும். சிக்கல் அந்த பி தந்தியில்தான். ஆறு தந்தி செட்டில் மெல்லிய தந்தியிலிருந்து எண்ணினால் ஐந்தாவதான ஏ தந்தியை இன்னொன்று வாங்கி இரண்டு அரைச்சுரம் ஏற்றினேன். அப்படி ஏற்றினால் இழுவிசை சுமார் 26 சதவீதம் கூடும். மூன்றாம் நாள் இரவு, நட் (கழுத்தின் முனையில் தந்திகள் தங்கும் கட்டை) அருகே செப்புச் சுற்று பிரிந்து அது அறுந்தது. பிறகு அதே செட்டின் நான்காம் தந்தியான டியை மூன்று அரைச்சுரம் இறக்கிப் பார்த்தேன்; தொளதொளவென்று ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பியில்) தட்டி இரைந்தது. கடைசியில் இழுவிசை குறைந்த வகை ஐந்தாம் தந்தியை ஏற்றிக் கட்டியதில் ஆறு வாரமாக நிற்கிறது.

விரல்கள் பழகுவது அதைவிடக் கடினமாக இருந்தது. இந்த மரபின் முதல் பெரிய ஆசிரியரான அந்திரேய் சிஹ்ரா, யாழ் போன்ற ஹார்ப் வாசித்தவர் என்பது கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது: அடுத்தடுத்த சுரங்களை வெவ்வேறு தந்திகளில் மீட்டி, ஒன்றின் நாதம் அடங்குமுன் மற்றொன்றை அதன்மேல் படரவிட வேண்டும். ஆறு தந்தியில் பழகிய என் இடக்கையோ ஒரே தந்தியில் ஓடவே பார்க்கிறது. மந்திரத் தந்திகளை இடக்கைக் கட்டைவிரலால் கழுத்துக்கு மேலாக வளைத்து அழுத்தும் வழக்கமும் உண்டு. என் கிட்டாரின் அகன்ற கழுத்தில் அது எட்டவே இல்லை.

1926இல் ஸ்பானிய ஆறு தந்திக் கிட்டார் கலைஞர் செகோவியா சோவியத் நாட்டில் வாசித்த பிறகு ஆறு தந்தி மெல்ல இதன் இடத்தைப் பிடித்தது. லூட் என்னும் பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியக் கலைஞரும் ஆய்வாளருமான ஒலெக் திமோஃபேயெவ் போன்றோர் இதை மீட்டெடுத்தனர். அவருடைய ஒலிப்பதிவுகளில் நான் கவனிப்பது வேகத்தை அல்ல, சுரங்களை அவர் எப்போது அடக்குகிறார் என்பதைத்தான். எல்லாத் தந்திகளையும் ஒலிக்க விட்டால் மந்திர ஜி, பி, டி மூன்றும் சேர்ந்து குழம்பாகிவிடுகின்றன.

இப்போதைக்குப் பாடலும் இரண்டு மாறுபாடுகளும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 66 தட்டு வேகத்துக்குத் தடுமாறாமல் வருகின்றன. மூன்றாவதில், கட்டைவிரல் எட்டாத இரண்டு இடங்களில் மந்திர சுரத்தை விட்டுவிட்டே வாசிக்கிறேன்.