தொடைக்குள் ஒரு கம்பி

சென்ற ஆண்டு என் தம்பி இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்ததில் வலது தொடை எலும்பு நடுவில் முறிந்தது. உள்ளே ராடு வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் அம்மா அழுதுவிட்டார். 1978-இல் இதே முறிவுக்காகத் தாத்தாவின் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, பத்து வாரங்களுக்கு மேல் மல்லாந்து படுக்க வைத்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கால் சற்றுக் குட்டையானது, முழங்காலும் கடைசிவரை சரியாக மடங்கவில்லை.

தொடை எலும்பு உடைந்தால் வெளியே காயமே தெரியாமல் உள்ளுக்குள் ஒரு லிட்டருக்கும் மேல் இரத்தம் கசியக்கூடும். மஜ்ஜையின் கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்தும் உண்டு. அதனால் தம்பியின் மூச்சும் இரத்த அழுத்தமும் சீராக இருப்பதை உறுதி செய்துகொண்டு, மறுநாள் காலையில் அறுவை சிகிச்சை செய்தார்கள்.

முறிந்த இடத்தை மருத்துவர் திறக்கவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரும் வியப்பு. இடுப்புக்குப் பக்கத்தில் சிறிதாகக் கீறி, தொடை எலும்பின் மேல்முனையில் துளையிட்டு, எக்ஸ்ரே படத்தை உடனுக்குடன் காட்டும் சி-ஆர்ம் கருவியின் திரையில் பார்த்தபடியே மெல்லிய வழிகாட்டிக் கம்பியை முறிவைத் தாண்டி மஜ்ஜைக் குழாய்க்குள் இறக்குகிறார்கள். பிறகு அந்தக் குழாயை அரை மில்லிமீட்டர் வீதம் அகலப்படுத்தி, உள்ளீடற்ற நீண்ட ஆணியைச் செலுத்துகிறார்கள். மருத்துவர் சொன்ன ராடு இதுதான். முறிவைச் சுற்றி உறைந்திருக்கும் இரத்தத்திலிருந்துதான் புது எலும்பு உருவாகத் தொடங்குகிறது. அதைக் கலைக்காமல் விடுவதே இம்முறையின் உயிர்நாடி.

இதை உருவாக்கியவர் ஜெர்மனியின் கீல் நகரத்து அறுவை மருத்துவர் கெர்ஹார்ட் கூன்ட்ஷர். 1939-இல் முதன்முதலாகச் செய்து, 1940-இல் பெர்லினில் எடுத்துரைத்தபோது பலர் ஏற்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜெர்மனியிலிருந்து நாடு திரும்பிய நேசநாட்டுக் கைதிகளின் எக்ஸ்ரேயில் தொடைக்குள் ஆணியைக் கண்டுதான் மற்ற நாட்டு மருத்துவர்கள் பலர் இம்முறையை அறிந்துகொண்டார்கள். எலும்பு பல துண்டுகளாக நொறுங்கியிருந்தால் வெறும் ஆணியால் கால் சுழல்வதையும் குறுகுவதையும் தடுக்க முடியாது; ஆணியின் இரு முனைகளிலும் எலும்போடு சேர்த்துக் குறுக்கே திருகாணி பூட்டும் முறை 1970-களில் பரவிய பின்னரே அக்குறை தீர்ந்தது.

மூன்றாம் நாள் தம்பியை வாக்கர் பிடித்து நிற்க வைத்தார்கள். வலது பாதத்தைத் தரையில் பதிக்கப் பயந்து கட்டைவிரலை மட்டும் ஊன்றிக்கொண்டு நின்றான். "கம்பி தாங்கும் தம்பி, குதிகாலை வையுங்க" என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொண்டே இருந்தார். வைத்தான். நெற்றி வியர்த்து, கைகள் நடுங்க நான்கு அடி நடந்தான்.

நான்காம் மாத எக்ஸ்ரேயை அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆணியைச் சுற்றி முறிவின் மேல் வெண்மேகம்போல் புது எலும்பு படர்ந்திருந்தது. தொந்தரவு ஏதும் இல்லையென்றால் கம்பியை எடுக்க வேண்டியதில்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வலது தொடையின் தசை மட்டும் இன்னும் இடதை விட மெலிந்தே இருப்பதால், காலையும் மாலையும் காலில் மணல்மூட்டை கட்டி முழங்காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்துவருகிறான்.