விவேக் எக்ஸ்பிரஸில் பத்தாம் பாகம்

கன்னியாகுமரி – திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கி.மீ.க்கு மேல் ஓடும் வண்டி. ஏறினால் இறங்க மூன்று முழு நாளுக்கும் மேலாகும். ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ ஃபேன்டசி நாவல் வரிசையை ஆரம்பிக்க இதைவிட நல்ல இடம் உண்டா என்று தோன்றும். ஆரம்பிக்காதீர்கள். மொத்தம் 14 பாகம். முதல் நூறு பக்கத்துக்குள் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் குவிந்துவிடும். எதிர் சீட்டில் புளியோதரைப் பொட்டலம் பிரிகிற நேரத்தில் அதெல்லாம் மனதில் நிற்காது. முதல் பாகத்தை வீட்டில் படியுங்கள்.

ரயிலுக்கு உரியவை 8 முதல் 10 வரை. கதை நகரவில்லை என்று வாசகர்கள் அலுத்துக்கொள்கிற பாகங்கள் அவை. 2003இல் வந்த பத்தாவதுக்குத்தான் திட்டு அதிகம். அதற்குள் ஆட்கள் பழகிவிட்டிருப்பார்கள், டீக்காரர் குறுக்கே வந்தாலும் இழை அறாது. அலுத்துப் போனாலும் எழுந்து போக இடமில்லை. இரண்டரை லட்சம் சொல்லுக்கு மேல் உள்ள புத்தகம் அது. நிமிடத்துக்கு 200 சொல் என்றால் ஏறக்குறைய 22 மணி நேரம். ரயிலில் நாளுக்கு ஏழு மணி நேரம் படித்தாலே பெரிது. ஆக, ஒரு பயணத்துக்கு ஒரு பாகம்.

தடித்த பேப்பர்பேக்கை ஒரே கையில் மடக்கிப் பிடித்தால் முதுகுப் பசை வெடித்து நடுப்பக்கங்கள் கழன்றுவரும். கிண்டில் எடுத்துப் போவதென்றால் புத்தகத்தை இரண்டு நாள் முன்பே இறக்கி, சார்ஜில் போட்டு வையுங்கள். புதிதாக இறக்கிய புத்தகத்தை அது உள்ளுக்குள் அட்டவணைப்படுத்தும். அது முடியும்வரை பெயர் தேடினால் சரியாகக் கிடைக்காது, பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். கடைசியில் உள்ள சொற்பட்டியலுக்கு ஒரு புக்மார்க் போடுங்கள். வரைபடம் ஆறு அங்குலத் திரையில் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும். அதை போனில் படமாக வைத்துக்கொள்வது நல்லது. மறந்த பெயரை இணையத்தில் மட்டும் தேடாதீர்கள். அவர் எந்தப் பாகத்தில் சாகிறார் என்பது முதல் வரியிலேயே இருக்கும்.

பெர்த் விஷயம் முக்கியம். லோயரில் பகல் வெளிச்சம் கிடைக்கும்; ஆனால் இரவு பத்துக்கு மிடில் பெர்த்தை மாட்டியதும் நிமிர்ந்து உட்கார முடியாது. அப்பரில் எந்நேரமும் படுத்துப் படிக்கலாம், ஜன்னல் வெளிச்சம்தான் எட்டாது. ஸ்லீப்பரில் சைடு லோயர் என் தேர்வு, ஆர்ஏசியில் பங்கு போடாதவரை. பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிடுவார்கள், கிளிப் விளக்கு ஒன்று வேண்டும். இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயிண்டில் மின்சாரம் வராமல் போகலாம். பவர் பேங்க் இல்லாமல் ஏறாதீர்கள்.

ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலம், ரம்பாவுக்கும் பாலுகாவ்னுக்கும் இடையே சிலிகா ஏரி. பகலில் வந்தால் இந்த இரண்டுக்கும் புத்தகத்தை மூடி வைக்கலாம். பத்தாம் பாகத்தில் அதற்குள் எதுவும் நடந்துவிடாது.