கருகிய காட்டில் கடிபட்ட குருத்து

கூடலூர் பக்கம், வயநாட்டு எல்லையை ஒட்டிய இலையுதிர் காட்டில் கொஞ்ச காலம் கள உதவியாளராக இருந்தேன். தீ போன இடத்தில் வேலி அடைத்த சதுரம் ஒன்று, பக்கத்திலேயே வேலியில்லாத சதுரம் ஒன்று. இரண்டிலும் எந்தக் கன்று எவ்வளவு உயரம், எது கடிபட்டது என்று அளந்து எழுதுவதுதான் வேலை.

தீ அணைந்து ஒரு கோடைமழை பெய்துவிட்டால் போதும், காரை நிறுத்தி "காடு திரும்பிடுச்சு பாருங்க" என்பார்கள். அது வெறும் புல். சாம்பலில் முளைத்த இளம்புல்லுக்குப் புள்ளிமான் கூட்டமாக வரும், வந்தது புல்லோடு நிறுத்துமா? வேங்கை, கரிமருது மரங்கள் மேல்தண்டு கருகினாலும் வேரிலிருந்து துளிர்க்கும், அந்தத் துளிர் சரியாக மானின் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் இருக்கும். தின்றது போக மிஞ்சியதை அடுத்த கோடைத் தீ கருக்கும். முழங்கால் உயரம்தானே, இந்த வருஷத்துக் கன்று என்று நினைப்போம். மண்ணை விலக்கினால் அடிவேர் பல வருஷம் பருத்திருக்கும்.

கடித்தது யார் என்று பார்க்கக் கற்றுத்தந்தவர் கூட வந்த பெட்டக்குறும்பர் பழங்குடி அண்ணன். "தம்பி, நுனி பிய்ஞ்ச மாதிரி இருந்தா மான், கத்தி வெச்ச மாதிரி சாய்வா இருந்தா முயல்" என்றார். மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, அதனால் இழுத்துத்தான் பிய்க்கும். யானை கன்றோடு நிற்காது, மரத்தையே ஒடிக்கும், பட்டையை உரிக்கும். முதுமலையில் 1988 முதல் அளந்துவரும் 50 ஹெக்டேர் ஆய்வுப் பரப்பில் கிடியா என்ற மரம் மளமளவென்று குறைந்ததற்கு யானை முக்கியக் காரணம்.

இத்தனையிலும் யாரும் தீண்டாதது உண்ணிச்செடி. எரிந்தாலும் அடியிலிருந்து தழைக்கும், மானும் மாடும் பெரும்பாலும் வாய் வைக்காது. ஆக, தீயும் மேய்ச்சலும் சேர்ந்து அதற்குத்தான் இடம் ஒதுக்கிக் கொடுக்கின்றன.

இதற்காக மானைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, அது காலகாலமாக மேய்ந்த காடுதானே. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1988-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீ பரவியபின் ஆஸ்பென் என்ற மரம் விதையிலிருந்தே முளைத்தது, அதை எல்க் மான்கள் கடித்தன. அங்கேயும் விவாதம் மானின் எண்ணிக்கை பற்றித்தான், 1995-ல் ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு அது இன்னும் சூடானது. நம் பக்கம் மாடுகளையும் சேர்த்து எண்ண வேண்டும். எல்லையோர ஊர்களில் பாலுக்காக மட்டும் மாடு வளர்ப்பதில்லை, காட்டில் மேய்ந்து வரும் மாட்டின் சாணம் லாரி ஏறிக் காபித் தோட்டங்களுக்குப் போகிறது.

தீ போன இடத்தில் குழி வெட்டி, போட்டோ பிடித்து நாற்று நடுவதைவிட, ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கிற வேர்களுக்கு அடுத்தடுத்துச் சில கோடைகள் தீயில்லாமல் கிடைத்தால் போதும், மானின் தலைக்கு மேல் போய்விடும், பட்டையும் தடித்துவிடும். அதற்கு வேண்டியது, ஜனவரிக்குள் வெட்டி முடித்த தீத்தடுப்புக் கோடும் மாசம் தவறாமல் சம்பளம் வாங்கும் தீக்காவலர்களும்.