ஜெபத்தில் ஓர் ‘ஆர்’ விழுந்தால்

அமெரிக்காவில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் சர்ச் வாசலில் எழுத்து மாற்றும் பலகை ஒன்று சாலையைப் பார்த்து நிற்கும். அதன் வாசகங்களைப் படம்பிடித்துப் போட்டுச் சிரிப்பது இணையத்தின் பழைய பொழுதுபோக்கு. சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் போதகருக்கு மொழி தெரியவில்லை என்று நினைப்பவர்கள் அந்தப் பலகையைக் கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். குற்றவாளி பெரும்பாலும் பலகையில் மாட்டும் எழுத்துகளை வைத்திருக்கும் பெட்டிதான்.

கணக்கைப் பாருங்கள். 8 அடி அகலப் பலகை, 8 அங்குல எழுத்து. இடைவெளியையும் சேர்த்து ஒரு வரிக்கு 18, மிஞ்சினால் 20 எழுத்து. அப்படி நாலு வரி. எழுத்தின் உயரத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 10 அடி தூரம் என்பது பலகைக்காரர்களின் வாய்பாடு; ஆக 80 அடியில் பளிச்சென்று தெரியும், அதற்கு அப்பால் கண்ணைச் சுருக்க வேண்டும். மணிக்கு 35 மைலில் வரும் கார் ஒரு விநாடியில் 51 அடி ஓடிவிடும். ‘ஆனால்’, ‘ஆகையால்’ எல்லாம் போட்டு விளக்க நேரமில்லை. எனவே முதலில் வெட்டுப்படுவது காற்புள்ளி, அடுத்தது முற்றுப்புள்ளி, கடைசியில் அர்த்தம்.

இரண்டு அறிவிப்புகளை ஒரே பலகையில் ஏற்றும்போதுதான் உண்மையான விபத்து. ஜோக்குத் தொகுப்புகளில் நெடுங்காலமாகச் சுற்றும் ஒன்று: “இன்றைய பிரசங்கம்: நரகம் என்றால் என்ன? சீக்கிரம் வந்து எங்கள் பாடகர் குழுவின் பயிற்சியைக் கேளுங்கள்.” தனித்தனியே இரண்டும் அப்பாவி வாக்கியங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாடகர் குழு ராஜினாமா செய்துவிடும். இன்னொன்று: “கவலை உங்களைக் கொல்ல விடாதீர்கள். சபை உதவட்டும்.” எதற்கு உதவுவது என்பதுதான் கேள்வி. ஒரு வரியைக் காலியாக விட்டால் முதல் விபத்தைத் தவிர்க்கலாம். இரண்டாவதை இடைவெளி காப்பாற்றாது, வாக்கியத்தையே மாற்ற வேண்டும்.

இடைவெளி என்றதும் நினைவுக்கு வருவது ‘காட் இஸ் நவ் ஹியர்’ (GOD IS NOW HERE), அதாவது கடவுள் இப்போது இங்கே இருக்கிறார். ‘நவ்’வுக்கும் ‘ஹியரு’க்கும் நடுவே வெற்றுத் தகடு வைக்க மறந்தால் அது ‘நோவேர்’ (NOWHERE) ஆகிவிடும்: கடவுள் எங்கும் இல்லை! சர்ச் வாசலிலேயே நாத்திகப் பிரசாரம்.

அடுத்தது பற்றாக்குறை. எழுத்துகள் வளையும் பிளாஸ்டிக் தகட்டில் அச்சிட்டவை. லேசாக வளைத்து மேல், கீழ்த் தண்டவாளங்களுக்குள் பொருத்துவார்கள். ஆங்கிலத்தில் அதிகம் செலவாகும் எழுத்து ‘ஈ’. ஒரு பக்கத்துக்கு எட்டு என்றால் இரு பக்கப் பலகைக்கு 16 வேண்டும். தீர்ந்துபோனால் 3-ஐத் தலைகீழாக மாட்டுவார்கள். ‘டபிள்யூ’ இல்லையா, ‘எம்’மைக் கவிழ்த்துவிடு. ‘எஸ்’ இல்லையா, 5 இருக்கிறது. பாதி வேதம், பாதி தொலைபேசி எண் மாதிரி ஒரு வசனம் தயார். வாசகத்தை முடிவுசெய்யும் முன் பெட்டியில் எத்தனை ‘ஈ’ மிச்சம் என்று எண்ணுவதுதான் உருப்படியான முதல் வேலை.

வெயிலில் கோணிய தகடும் குளிரில் விறைத்த தகடும் காற்றில் கழன்று விழும். ‘பிரே’ என்ற சொல்லில் ‘ஆர்’ விழுந்தால் மிஞ்சுவது ‘பே’. ஜெபம் பண்ணச் சொன்ன சபை, பணம் கட்டு என்கிறது! பூட்டில்லாத பலகையில் ராத்திரி வரும் பையன்கள் வேறு. இருக்கிற எழுத்தை வைத்தே வேறு செய்தி கோத்துவிட்டுப் போவார்கள். பாலிகார்பனேட் கதவும் பூட்டும் போடுவது அதற்காகத்தான்.

மாட்டும் முறையில் ஒரு சின்ன ஒழுங்கு போதும். வரியின் எழுத்துகளை இடைவெளியோடு எண்ணி, 18-இல் கழித்து, மீதியைப் பாதியாக்கி இடதுபுறம் காலி விடுங்கள். வரி நடுவில் உட்காரும். முழு வாசகத்தையும் முதலில் தரையில் பரப்புங்கள். உயரத்துக்கு உறிஞ்சுக்கிண்ணம் வைத்த நீளக் கம்பு இருக்கிறது. தகட்டில் தூசி இருந்தால் பிடிக்காது, முதலில் துடைக்க வேண்டும். முடிந்ததும் சம்பந்தமில்லாத ஒருவரைச் சாலைக்கு எதிர்ப்புறம் நிறுத்தி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் சிரித்தால் இறக்கிவிட வேண்டியதுதான்.

வேண்டுமென்றே சிரிக்க வைத்தவர்களும் உண்டு. 1998-இல் தெற்கு ஃபுளோரிடாவில் பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் பணம் கொடுத்து வைத்த விளம்பரப் பலகைகள்: கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, கீழே ‘கடவுள்’ என்று கையொப்பம். அதில் ஒன்று, “இங்கேயே வெயில் அதிகம் என்கிறாயா?” வெட்டுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை பாருங்கள்.

தமிழில் இந்தப் பெட்டி செல்லுபடியாகாது. கு, கூ, மு, மூ என்று உருமாறும் எழுத்துகளுக்கெல்லாம் தனித் தகடு செய்து மாளாது. கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் நமக்கு வசதி.

கடைசியாக, எதிரெதிர் சர்ச்சுகள் நாய் சொர்க்கத்துக்குப் போகுமா என்று பலகையிலேயே சண்டை போடும் படங்கள். நம்ப வேண்டாம், இணையத்தில் வாசகத்தைத் தட்டினால் பலகைப் படம் செய்து தரும் கருவியின் கைவேலை அது. இப்படிப்பட்ட படங்களில் தலைகீழ் 3 ஒன்றுகூட இருக்காது. வாசகம் மட்டும் நாளுக்கு நாள் மாறும், புல்லில் விழுந்த நிழல் இருந்த இடத்திலேயே இருக்கும்.